கொள்ளைநோயும் பொறுமையும்: இஸ்லாமிய வரலாற்றில் துன்பத்தின் பொருள்

துன்பம் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயினும், அதற்குச் சமயங்கள் காட்டும் பொருள் ஒன்றாக அமையவில்லை. இஸ்லாம் துன்பத்தை எவ்வாறு நோக்கியது என்னும் வினாவுக்கு விடை காண்போர் பெரும்பாலும் திருக்குர்ஆன் வசனங்களையும் நபிமொழிகளையும் தொகுத்துரைத்து அமைவர். அத்தொகுப்பு வேண்டுவதே. ஆயினும் ஒரு கோட்பாட்டின் பொருள், அதனை நம்பியவர்கள் இடர் வந்துற்ற காலத்து எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதனாலேயே முழுதும் விளங்கும். ஆதலின், கொள்ளைநோய் என்னும் ஒரு துன்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏழாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை அது முஸ்லிம் சமுதாயங்களில் எழுப்பிய வினாக்களையும் அவற்றுக்கு அறிஞர் கண்ட விடைகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு தேவை உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லில் ஆஸ்திரியத் தூதராக இருந்த புஸ்பெக் என்பார், துருக்கியர் தம் சாவு நெற்றியில் எழுதப்பட்டுள்ளது என்று நம்பிக் கொள்ளைநோய்க்கு அஞ்சாது திரிகின்றனர் என்று எழுதினார். செர்மானிய மெய்யியலறிஞர் லைப்னிட்ஸ், இறைவனின் நீதியைப் பற்றி 1710-இல் வெளியிட்ட நூலில், நோயுள்ள இடத்தை விட்டு விலகாத இம்மனப்பான்மைக்கு ‘முகம்மதிய விதிக்கொள்கை’ என்று பெயரே வைத்துவிட்டார். அன்று முதல், துன்பத்தை இறைவன் தந்ததென ஏற்பவன் அதனை நீக்க முயலான் என்னும் கருத்து இஸ்லாத்தைப் பற்றிய பொது வழக்காகிவிட்டது. இக்கருத்து வரலாற்றுச் சான்றுகளுக்கு ஒத்ததுதானா என்பதே நம் வினா.

1. சொல்லும் பொருளும்

முதற்கண் மூன்று சொற்களின் பொருளைத் தெளிதல் வேண்டும். துன்பத்தைக் குறிக்கத் திருக்குர்ஆனில் பயிலும் ‘பலா’ என்னும் சொல்லின் வேர்ப்பொருள் சோதித்தல் என்பதாம். இன்பத்தாலும் சோதனை உண்டு, துன்பத்தாலும் சோதனை உண்டு என்பது அந்நூலின் கருத்து. அச்சம், பசி, பொருளிழப்பு, உயிரிழப்பு, விளைவின் குறைவு ஆகியவை சோதனைகளாக இரண்டாம் அத்தியாயத்தில் எண்ணப்படுகின்றன. வேறோரிடத்தில், மக்களுக்கு நேரும் இடர்கள் அவர்தம் கைகள் செய்தவற்றின் பயன் என்றும் கூறப்படுகிறது. எனவே துன்பம் தண்டனையா, சோதனையா என்னும் இருவேறு நோக்குகளுக்கும் மூலநூலிலேயே இடமுண்டு.

‘ஸப்ர்’ என்பது இரண்டாவது சொல். இதனைப் பொறுமை எனத் தமிழில் வழங்குகிறோம். தமிழ் முஸ்லிம்களின் பேச்சுவழக்கில் ‘சபூர்’ என்பதும் இதனோடு தொடர்புடையதே. இதன் வேர்ப்பொருள் கட்டி நிறுத்துதல், தடுத்து வைத்தல் என்பதாகும். துயரம் மேலிட்ட போதும் மனத்தையும் நாவையும் கையையும் நிலைபிறழாது நிறுத்துதலே ஸப்ர். இதற்குக் கண்ணீர் தடையன்று. மகனை இழந்த யாக்கூப் நபி அழகிய பொறுமையை மேற்கொண்டவர் என்று போற்றும் அதே அத்தியாயம், அழுதழுது அவர் கண்கள் வெளுத்தன என்றும் சொல்கிறது. நபிகள் நாயகம் தம் சிறு மகன் இப்ராகீம் இறந்தபோது கண்ணீர் உகுத்ததாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. விலக்கப்பட்டது மார்பில் அறைந்து, ஆடையைக் கிழித்து ஒப்பாரி வைத்தலே, அழுதல் விலக்கப்படவில்லை.

மூன்றாவது சொல் ‘கத்ர்’ என்பது. அளவிடுதல் என்னும் வேரினின்று பிறந்து, இறைவன் வகுத்த அளவைக் குறிப்பது அது. இதனை ‘ஊழ்’ என்று மொழிபெயர்ப்பின் தமிழ் மாணவர் மயங்குவர். ஊழ் முற்பிறவி வினையின் பயனாக வருவது. கத்ர் என்பதற்கு முற்பிறவியோடு தொடர்பே இல்லை. ஆகவே, ஒருவன் நோயுற்றதற்கு அவனது பழவினை காரணம் என்னும் விடை இஸ்லாமிய அறிஞர்க்குக் கிடைப்பதன்று. பழியறியாக் குழந்தை ஏன் இறக்கிறது என்னும் வினா அவர்கள்முன் மிகக் கடுமையாக நின்றதற்கு இதுவே காரணம்.

அவ்வினாவுக்கு முஃதஸிலா என்னும் சிந்தனைப் பிரிவினர் ஒரு விடை கூறினர். இறைவன் நீதியுடையவன், ஆதலின் குற்றமற்ற உயிர் படும் ஒவ்வொரு துன்பத்துக்கும் மறுமையில் ஈடு அளித்தல் அவன் கடன் என்பது அவர் கொள்கை. அவர்களிடமிருந்து பிரிந்த அபுல் ஹஸன் அல்-அஷ்அரீ (இறப்பு 936 அளவில்) இதனை மறுத்தார். நல்லவனாய் இறந்தவன், தீயவனாய் இறந்தவன், குழந்தையாய் இறந்தவன் என்னும் மூன்று உடன்பிறந்தாரைக் குறித்து அவர் தம் ஆசிரியர் அல்-ஜுப்பாயீயை வினவியதாக ஒரு வரலாறு வழங்குகிறது. தீயவனாவான் என்று அறிந்தே குழந்தை முன்னரே அழைத்துக்கொள்ளப்பட்டது எனின், தீயவனை ஏன் வளரவிட வேண்டும் என்று அவர் கேட்க, ஆசிரியர் விடையின்றி நின்றார் என்ப. இறைவனின் செயலை மனிதக் கணக்கால் அளத்தல் இயலாது என்பதே அஷ்அரீயரின் முடிபு. பின்வந்த இமாம் கஸ்ஸாலி (1058–1111) இவ்வழக்கை வேறொரு தளத்துக்குக் கொண்டுசென்றார். தம் பெருநூலான இஹ்யாவில் பொறுமையையும் நன்றியுணர்வையும் ஒரே பகுதியில் சேர்த்து ஆராய்ந்தார். துன்பம் ஏன் வந்தது என்பதினும், வந்த துன்பத்தில் மனிதன் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்பதே அவர் கருதிய வினா.

2. அம்வாஸ்: முதற் சோதனை

கோட்பாடுகள் இவ்வாறு வகுக்கப்படுமுன்னரே முஸ்லிம் சமுதாயத்துக்குச் சோதனை வந்துவிட்டது. ஹிஜ்ரி 18-இல் (கி.பி. 639) பாலஸ்தீனத்திலுள்ள அம்வாஸ் என்னும் ஊரில் தோன்றிய கொள்ளைநோய் சிரியா முழுவதும் பரவி, அங்கிருந்த அரபுப் படைகளை வாட்டியது. இருபத்தையாயிரம்பேர் மாண்டனர் என்பது அரபு வரலாற்றாசிரியர் தரும் எண். சிரியாவை நோக்கிப் புறப்பட்ட கலீபா உமர், எல்லையிலுள்ள ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது நோய்ச் செய்தி கேட்டார். முதலில் முஹாஜிர்களையும் அடுத்து அன்சாரிகளையும் அழைத்துக் கலந்தார். இரு குழுவினரும் தத்தமக்குள் மாறுபட்டனர். பின்னர்க் குறைஷிக் குலத்து முதியோரைக் கேட்டார். திரும்பிச் செல்வதே தக்கது என்று அவர்கள் ஒருமுகமாகக் கூறவே, உமர் திரும்ப முடிவு செய்தார்.

படைத்தலைவர் அபூ உபைதா இதற்கு உடன்படவில்லை. இறைவன் வகுத்ததிலிருந்து தப்பி ஓடுவதா என்று அவர் வினவினார். இவ்வினா வேறொருவர் வாயினின்று வந்திருக்கலாகாதா என்று வருந்திய உமர், தாம் இறைவன் வகுத்த ஒன்றிலிருந்து இறைவன் வகுத்த மற்றொன்றை நோக்கியே செல்வதாக விடை கூறினார். ஒட்டகம் மேய்ப்பவன் ஒரு பள்ளத்தாக்கில் ஒருபுறம் பசும்புல்லும் மறுபுறம் வறள்நிலமும் காண்பானாயின், எப்புறம் மேய்த்தாலும் அது இறைவன் வகுத்ததே அன்றோ என்று அவர் எடுத்துக்காட்டினார். இவ்விடையின் நுட்பம் கருதத்தக்கது. உமர் கத்ரை மறுக்கவில்லை. மனிதனின் தேர்வையும் அதன் உள்ளேயே வைத்தார். நிகழப்போவதை அறியாத மனிதனுக்கு விதி என்பது செயலற்றிருக்கக் காரணமாகாது என்பதே இதன் கருத்து. அப்போது அங்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், நோயுள்ள ஊருக்குள் செல்லற்க, தாம் உள்ள ஊரில் நோய் தோன்றின் அதற்கஞ்சி வெளியேறற்க என்னும் பொருளுடைய நபிமொழியைத் தாம் கேட்டதாக அறிவித்தார். உமர் தம் முடிவு அதனோடு ஒத்தமைக்கு இறைவனைப் போற்றித் திரும்பினார்.

இந்நபிமொழியின் இரு பகுதிகளும் இருவேறு மனிதர்க்குக் கடமை விதிக்கின்றன. வெளியே உள்ளவன் உயிரைக் காத்துக்கொள்ளல் வேண்டும்; உள்ளே உள்ளவன் நோயாளரைக் கைவிடலாகாது. அபூ உபைதாவின் இறுதிநாள் இதற்குச் சான்று. அவரைக் காப்பாற்ற எண்ணிய உமர், ஒரு வேலையின் பொருட்டுத் தம்மிடம் வருமாறு மடல் விடுத்தார். அதன் உட்கருத்தை உணர்ந்த அபூ உபைதா, தம் படைவீரரைப் பிரிந்து வர இயலாது என்று மறுமொழி விடுத்தார். பின்னர்ப் படையை மேட்டுநிலத்துக்குக் கொண்டுசெல்லுமாறு உமர் பணித்தார். அதற்கான ஏற்பாட்டின் இடையிலேயே அபூ உபைதா நோயால் இறந்தார். அடுத்துத் தலைமையேற்ற முஆத் இப்னு ஜபலும் இறந்தார். அவருக்குப் பின் வந்த அம்ர் இப்னுல் ஆஸ், இந்நோய் தீயைப்போல் மூள்வது என்று கூறி, மக்கள் மலைகளுக்குச் சிதறிச் செல்லுமாறு ஆணையிட்டார். மூத்த தோழர் ஒருவர் அவரைக் கடிந்தபோதிலும், மக்கள் மலைக்குச் சென்றனர், நோயும் தணிந்தது. இச்செய்தி எட்டியபோது உமர் அதனை வெறுக்கவில்லை என்பதையும் வரலாற்றாசிரியர் பதிந்துள்ளனர்.

தங்கி உயிர்நீத்த அபூ உபைதா, விலகி உயிர்காத்த அம்ர் என்னும் இருவரும் நபிகளின் தோழர்களே. இருவர் செயலும் பின்வந்தோர்க்கு முன்மாதிரியாயின. இந்நோயினால் அரசியலிலும் மாற்றம் விளைந்தது. திமிஷ்கின் ஆளுநர் யஸீத் இப்னு அபீ ஸுஃப்யான் இதில் இறக்கவே, அவர் தம்பி முஆவியா அப்பொறுப்பை ஏற்றார். உமையா அரசின் தோற்றத்துக்கு வழி இவ்வாறு திறந்தது.

3. மதுரையிலும் திமிஷ்கிலும் இப்னு பதூதா

பதினான்காம் நூற்றாண்டின் சான்றுகளுள் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவின் குறிப்புகள் சிறப்புடையன. அவற்றுள் ஒன்று தமிழகத்தைச் சார்ந்தது. 1344 அளவில் மஅபர் சுல்தான் கியாஸுத்தீனின் தலைநகராகிய மதுரையை அவர் அடைந்தபோது, அங்குக் கொள்ளைநோய் மக்களை விரைந்து மாய்த்துக்கொண்டிருந்தது. எட்டு வயது மகனோடு வந்து உதவி பெற்றுச் சென்ற ஒரு பெண், மறுநாளே அம்மகனுக்குக் கஃபன் துணி கேட்டு வந்ததை அவர் எழுதியுள்ளார். சுல்தான் மூன்று நாள் நகரில் தங்கிப் பின்னர் ஆற்றங்கரை ஒன்றுக்கு அகன்றார். ஆயினும் அவர் ஒரே மகனும், தாயும், இறுதியில் சுல்தானும் அடுத்தடுத்து இறந்தனர். இப்னு பதூதாவும் கடுங்காய்ச்சலுற்றார். இறைவன் தம் மனத்தில் தோன்றச் செய்த புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்ததாகக் கூறி, உடனே அந்நகரை விட்டு நீங்க விடைபெற்றார். மருந்தை நாடியதும், நலம் பெற்றதை இறைவனருள் என்றதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

1348-இல் அவர் திமிஷ்கில் இருந்தபோது கண்ட காட்சி வேறு. ஆளுநர் அர்கூன் ஷாவின் ஆணைப்படி மக்கள் மூன்று நாள் நோன்பிருந்தனர். உமையாப் பெரும்பள்ளியில் இரவெல்லாம் தொழுது, விடிந்ததும் வெறுங்காலோடு நகர்ப்புறத்துள்ள அக்தாம் பள்ளிவாசலை நோக்கி நடந்தனர். முஸ்லிம்கள் திருக்குர்ஆனையும், யூதர் தவ்ராத்தையும், கிறித்தவர் இன்ஜீலையும் ஏந்தி அழுது வேண்டிச் சென்றனர் என்று அவர் வியந்து கூறுகிறார். துன்பம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று என்னும் உணர்வு அன்று அந்நகரில் செயலாயிற்று. இறைவன் அவ்வேண்டலை ஏற்று நோயைத் தணித்தான் என்பது இப்னு பதூதாவின் கருத்து. அவர் தாயகம் திரும்பும் வழியில், தம் தாயும் இக்கொள்ளைநோயில் இறந்ததை அறிந்தார். அதே நோயில் தூனிஸ் நகரில் தாய்தந்தையரை இழந்த இளைஞரே பிற்காலத்து வரலாற்றறிஞர் இப்னு கல்தூன். தம் முகத்திமாவை எழுதுதற்கு அவர் கூறிய காரணங்களுள், கொள்ளைநோயால் உலகநிலையே மாறிற்று என்பதும் ஒன்று.

4. தொற்று உண்டா: கிரானாடா வழக்கு

இத்துன்பத்தின் பொருளைப் பற்றிய கடுமையான வழக்கு எழுந்தது அந்தலூசில் ஆகும். நோய் தானாகத் தொற்றுவதில்லை என்னும் கருத்துடைய நபிமொழி ஒன்று உண்டு. நோயுற்ற ஒட்டகத்தை நலமுள்ளவற்றோடு சேர்க்கலாகாது என்பதும், தொழுநோயாளரினின்றும் விலகுக என்பதும் அதே தொகுப்புகளில் உள்ளன. இவற்றை இசைத்துப் பொருள்காண்பதில் அறிஞர் மாறுபட்டனர். கிரானாடாவின் அமைச்சரும் மருத்துவருமான இப்னுல் கதீப் (1313–1374), தொற்று என்பது பட்டறிவாலும் கண்கூடாகவும் நிறுவப்பட்டது என்றார். நோயாளரின் ஆடையும் கலமும் நோயைக் கொண்டுசெல்வதை அவர் எடுத்துக்காட்டினார். நபிமொழியின் வெளிப்படைப் பொருள் கண்கூடான உண்மையோடு முரணுமாயின் அதற்கு வேறு பொருள் கொள்ளல் வேண்டும் என்றும் வாதிட்டார்.

அதே நகரின் சட்ட அறிஞர் இப்னு லுப்பு (இறப்பு 1381) மறுபக்கம் நின்றார். அவரது கவலை அறவியலைச் சார்ந்தது. தொற்றுக்கு அஞ்சி உற்றார் நோயாளரைக் கைவிட்டு ஓடின், அவர்களுக்கு நீர் கொடுப்பார் யார், இறந்தோரை அடக்குவார் யார் என்பதே அவர் உள்ளத்தை வருத்தியது. இருவரும் இறைநாட்டத்தை ஏற்றவர்களே. ஒருவர் உயிர்காத்தலை முதன்மையாகக் கொண்டார். மற்றவர் கைவிடாமையை முதன்மையாகக் கொண்டார். அம்வாசில் அம்ரும் அபூ உபைதாவும் எதிரெதிர் நின்ற நிலையே எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் கிரானாடாவில் நூல்வடிவு பெற்றது எனலாம். தொற்றை மறுத்தமையால் விளைந்த கேட்டை நாம் மறைத்தல் கூடாது. ஆயினும் அம்மறுப்பின் பின்னே நோயாளரைக் காக்கும் கடமையுணர்வும் இருந்தது என்பதை விட்டுவிட்டு வரலாறு எழுதுதலும் கூடாது.

5. இப்னு ஹஜரின் நூலும் துயரமும்

கொள்ளைநோய் பற்றி அரபுமொழியில் எழுந்த நூல்களுள் தலையாயது, கெய்ரோ நகரத்து இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி (1372–1449) இயற்றிய ‘பத்லுல் மாஊன்’ என்பதாகும். புகாரீ நபிமொழித் தொகுப்புக்கு ஒப்புயர்வற்ற உரைகண்ட இவர், எகிப்தின் ஷாஃபிஈ தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். இந்நூலை ஹிஜ்ரி 819-இல் தொடங்கி, 833-இல் நிறைவுசெய்தார். அவ்விரு ஆண்டுகளும் அவர் வாழ்வில் துயர ஆண்டுகள். 819-இல் ஆலியா, பாத்திமா என்னும் இரு பெண்மக்களையும், 833-இல் கருவுற்றிருந்த மூத்தமகள் ஸைன் காத்தூனையும் அவர் கொள்ளைநோய்க்கு இழந்தார். ஏட்டறிவோடு மட்டும் எழுதப்பட்ட நூலன்று அது என்பதை இக்குறிப்பு உணர்த்தும்.

கொள்ளைநோய் முன்னோர்க்குத் தண்டனையாயிருந்து நம்பிக்கையாளர்க்கு அருளாக மாற்றப்பட்டது என்பதும், அதில் பொறுமையோடு இறப்பவர்க்கு ஷஹீதின் பேறு உண்டு என்பதும் நபிமொழிவழி வந்த கருத்துகள். இவற்றை இப்னு ஹஜர் விரிவாக நிறுவினார். நோய்கள் அனைத்தையும் ஒன்றாகக் கருதாது, ‘வபா’ என்னும் பொதுநோயினின்று ‘தாஊன்’ என்பதைப் பிரித்துணர்த்தினார். இயல்பான தொற்றினை அவர் ஏற்கவில்லை. ஜின்களின் குத்தே நோய்க்குக் காரணம் என்னும் நபிமொழியைப் பின்பற்றினார். இன்றைய மருத்துவ அறிவோடு இது பொருந்தாது. ஆயினும் கண்டதைக் கண்டவாறு எழுதும் நேர்மை அவரிடம் இருந்தது. 833-இல் (1430 தொடக்கம்) கெய்ரோவில் நாளொன்றுக்கு இறந்தோர் நாற்பதின்மருக்கும் குறைவாக இருந்தனர். மூன்று நாள் நோன்புக்குப் பின் மக்கள் பாலைவெளியில் திரண்டு கூட்டாக வேண்டினர். அம்மாதம் முடிவதற்குள் அவ்வெண் ஆயிரத்தைக் கடந்தது என்று அவர் பதிந்தார். இப்னு பதூதா போற்றிய திமிஷ்குக் கூட்டுவழிபாட்டுக்குப் பின்னரும் நோய் மிகுந்ததாக மன்பிஜீ என்பார் எழுதியிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். மழைவேண்டல்போலத் திரளுதற்கு முன்னோர் வழக்கில் சான்றில்லை என்பதே அவர் கூறிய காரணம். தனித்தனியே இறைஞ்சுதலையும் மருந்துண்ணலையும் நோயாளரைப் பேணுதலையும் அவர் விலக்கவில்லை.

மகளிரை இழந்த தந்தை, கொள்ளைநோய் அருள் என்று எழுதுவதன் பொருள் யாது? அருள் என்பது நோயைப் பற்றிய மதிப்பீடாயின், அதனின்று நலம்பெற வேண்டுதலும், மரண எண்ணைக் கவலையோடு குறித்தலும் வேண்டாதனவாம். அவர் இவற்றைச் செய்தார். ஆகவே அச்சொல் இறந்தோரைக் குறித்தது என்றே கொள்ளல் வேண்டும். அவர்கள் இறைவனின் சினத்துக்கு ஆளாகி இறக்கவில்லை, வீணே இறக்கவுமில்லை என்று எஞ்சியிருப்போர்க்குக் கூறும் ஆறுதல் அது. இப்னு ஹஜரின் மாணவர் ஸகாவீயும் (இறப்பு 1497) தம் குழந்தைகளை இழந்தபின், மக்களை இழந்த பெற்றோர்க்கு ஆறுதல் கூறும் தனிநூல் ஒன்று இயற்றினார். இவ்வகை நூல்கள் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தமை, அக்காலத்து வீடுகளில் நிறைந்திருந்த துயரத்தின் அளவைக் காட்டும்.

6. முடிபு

1977-இல் கொள்ளைநோய் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த மைக்கேல் டால்ஸ், நோய் நம்பிக்கையாளர்க்கு அருள், நோயுள்ள ஊருக்குள் புகுதலும் அதினின்று ஓடுதலும் கூடா, தொற்று இல்லை என்னும் மூன்று கொள்கைகளை முஸ்லிம் சமுதாயத்தின் பொதுநிலையாக வகுத்தார். 2011-இல் ஜஸ்டின் ஸ்டேர்ன்ஸ் முதலியோர் செய்த ஆய்வுகள், அம்மூன்றும் முடிந்த முடிபுகளாக இருந்ததில்லை, இடையறாத வழக்குக்கு உரியனவாகவே இருந்தன என்று காட்டின. உதுமானிய அறிஞர் இத்ரீஸ் பித்லீசீ (இறப்பு 1520) நோயுள்ள ஊரை விட்டு நீங்கலாம் என்று நூல் எழுதியமையும் இதற்கு அரணாகும். புஸ்பெக் கண்டது இருந்திருக்கலாம், அது முழுமையன்று.

நாம் மேலே கண்ட சான்றுகளால் ஒன்று துணியலாம். இஸ்லாமிய மரபில் துன்பத்தைப் பற்றிய வினாக்கள் இரண்டு. அவற்றை ஒன்றாகக் குழப்பியதே பிறர் கொண்ட தவறான கருத்துக்குக் காரணம். துன்புற்று மாண்டவரின் துன்பத்துக்கு மதிப்புண்டா என்பது முதல் வினா. உண்டு என்பதே அம்மரபின் உறுதியான விடை. உயிரோடிருப்பவர் செய்யத்தக்கது யாது என்பது இரண்டாவது வினா. இதற்கு ஒரே விடை இல்லை. உமர் திரும்பினார், அபூ உபைதா தங்கினார், அம்ர் மலையேறினார், இப்னுல் கதீப் தொற்றை நிறுவினார், இப்னு லுப்பு கைவிடாமையை வலியுறுத்தினார். முதல் வினாவின் விடையை இரண்டாவதற்கு விடையாக எவரும் கொள்ளவில்லை. பொறுமை என்பது துன்பத்தை வரவேற்றலன்று. துன்பம் வந்துற்றபின் தன்னையும் பிறரையும் கைவிடாது நிற்றலே ஆகும். இறந்தார் வீணே இறந்திலர் என்னும் நம்பிக்கையே, நோயாளருக்கு நீர் கொடுக்கவும் இறந்தோரை நீராட்டி அடக்கவும் எஞ்சியோர்க்கு வலிமை தந்தது. நூலறிஞர் வழக்குகளோடு இத்தகைய நடைமுறைகளையும் ஒருங்குவைத்து ஆராயும்போதே, துன்பம் பற்றிய சமயக் கோட்பாடுகளின் மெய்ப்பொருள் புலனாகும்.